பவியின் வாயை நான்கு தடவை வரைந்தேன்

போன மாதம் ஒரு பிள்ளை எனக்கு ஃபோன் எடுத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த சிறுவர் புத்தகப் பிரிவில் இப்போது படம் வரைகிறவள்.

"சேர், ஒரு புத்தகத்தை அச்சுக்குக் குடுக்க முதல் பிள்ளையளிட்டக் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுறது உங்கட கால வழக்கமாம். இப்ப அது தேவையில்லை எண்டு மேலிடத்தில சொல்லுகினம். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"வாசிச்சுக் காட்டு பிள்ளை. விடாத" என்றேன்.

"ஏன் சேர்?" என்று கேட்டாள். அதற்கு ஃபோனில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னை "சேர்" என்று ஒருவர் கூப்பிடுவதே எனக்கு இன்னும் பழகவில்லை. நான் பேசாலையில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதும், வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் புனிதர்களின் படம் கீறுவதும், கடைகளுக்குப் பலகை எழுதுவதும்தான் என் தொழில். எங்கள் பக்கத்தில் படம் வரைவதைக் கீறுவது என்போம். சண்டைக்காலத்தில் கடலுக்குப் போகவே தடை இருந்ததால் பெயர் எழுத வள்ளமும் இல்லை. சண்டை முடிந்து சனம் திரும்பி வர, புது வள்ளங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதிவு இலக்கமும் பெயரும் எழுதவேண்டியிருந்தது. கை ஓயாமல் வேலை செய்தேன்.

அப்படி ஒரு நாள் கரையில் ஒரு வள்ளத்துக்கு அந்தோனியாரைக் கீறிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"அந்தோனியார் ஏன் பாலனை இப்பிடிப் பிடிச்சிருக்கிறார்? பிள்ளை விழப்போகுது."

கோபத்தோடு திரும்பினேன். வெள்ளைச் சேலை, கையில் குடை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிறகு படத்தைப் பார்த்தேன். உண்மைதான். பிள்ளை விழத்தான் போனது. அழித்துவிட்டு மற்றக் கையையும் பிள்ளையின் முதுகுக்குக் கீழே கொடுத்தேன். அவர் அவ்வளவு நேரமும் வெயிலில் நின்று பார்த்தார்.

"திருத்தச் சொன்னால் திருத்துறீர். நல்லது. திங்கட்கிழமை மன்னாருக்கு வாரும். வேலை இருக்கு."

அவர்தான் றெஜினா ரீச்சர். முப்பது வருடம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். மன்னார் பட்டினத்தில் இரண்டு அறைகளில் அந்தப் புத்தகப் பிரிவைத் தொடங்கியிருந்தார். அவரும், தட்டச்சு செய்யும் ஒரு பெண்ணும், நானும் மட்டும்தான். மீள்குடியேறிய ஊர்களின் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் செய்வது எங்கள் வேலை. வீடு மாறுவது பற்றியும், புது இடத்தில் பயத்தைச் சமாளிப்பது பற்றியும் ஐந்து புத்தகங்கள். கொழும்பில் இருந்த ஒரு நிறுவனம் கதைகளை எழுதி அனுப்பும். நாங்கள் படம் கீறி, பக்கம் பிரித்து, அச்சுக்கு ஆயத்தப்படுத்துவோம்.

வேலை பழக எனக்கு ஒரு வருடம் எடுத்தது. பத்தடி வள்ளத்தில் கீறிய கைக்கு ஒரு சாண் தாள் பத்தவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ரீச்சரின் முறையை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலில் நாலு தாளை மடித்துப் பதினாறு பக்கமாக்கி, நடுவில் வலை நூலால் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்வோம். பென்சில் படம் மட்டும், எழுத்து இருக்காது. அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டுப் பேசக்கூடாது. பிள்ளை பின்னாலிருந்து புரட்டினால் புரட்டட்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் கேள்வியை எழுதிக்கொள்ளவேண்டும். "அது என்ன?" என்று பிள்ளை கேட்டால் கொப்பியில் "அது என்ன?" என்றுதான் இருக்கவேண்டும். "பிள்ளை படத்தைப் பற்றி விசாரித்தது" என்று நான் ஒருமுறை எழுதினேன். ரீச்சர் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டார்.

"பிள்ளை விசாரிக்கிறேல்ல, யூட். பிள்ளை கேக்குது."

இன்னொன்றும் சொல்வார். "முகத்தைப் பார்க்காதையும். விரலைப் பாரும். முகம் எங்களுக்காகச் சிரிக்கும். விரல் பொய் சொல்லாது."

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எழுத்தோடு வாசிப்போம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று ஊர். நல்லாயிருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. படத்தின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு சரி போடுவார். அந்தச் சரிக்காக நான் நாட்கணக்கில் காத்திருந்திருக்கிறேன்.

முதல் புத்தகத்தில் ஒரு குடும்பம் லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்புகிறது. அலுமாரி, பாய், தையல் மெஷின், எல்லாம் கீறியிருந்தேன். ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் அதைக் காட்டியபோது ஒரு சின்னப் பிள்ளை லொறி முழுக்க விரலால் தேடியது.

"கோழி எங்க?"

அலுவலகத்தில் ரீச்சரோடு வாதாடினேன். "கதையில கோழி இல்லையே ரீச்சர்."

"கதையில இல்லை. லொறியில இருக்கு" என்றார்.

கோழி கீறினேன். இரண்டாவது தடவை கொண்டுபோனபோது வேறொரு பிள்ளை கேட்டது. "நாயை ஏத்தேல்லையோ?" ரீச்சர் அந்தக் கேள்வியை எழுதினார். பஸ்ஸில் மன்னாருக்குத் திரும்பினோம். இறங்கும்போது, "நாயையும் ஏத்தும்" என்றார். அச்சில் வந்த புத்தகத்தில் அந்த நாய் சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது புத்தகத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அதன் பெயர் "பயமறியாத பவி". இந்தியாவில் அகதி முகாமில் பிறந்த பவி என்ற சிறுமி கப்பலேறித் தாய்நாட்டுக்கு வருகிறாள். எதற்கும் பயப்படவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே வகுப்பின் முன்னால் நின்று பாடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதுதான் கொழும்பிலிருந்து வந்த கதை. பவி வகுப்பின் முன்னால் நிற்கும் பக்கத்தை ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து கீறினேன். அந்தச் சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை நான் எந்த மாதாவுக்கும் கீறியதில்லை. பல் வரிசை தெரிய, கன்னம் இரண்டும் குழிய. ரீச்சர் பார்த்தார். சரி போடவில்லை. "பிள்ளையள் சொல்லட்டும்" என்றார்.

தாழ்வுபாடு என்ற ஊரில் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. அடுத்தது தலைமன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ரயில் பாதையைத் திரும்பப் போடாத காலம், பஸ்ஸில்தான் போனோம். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர் நாலாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களை விறாந்தையில் இருத்திப் புத்தகத்தைக் கொடுத்தோம்.

"கப்பலா? நாங்க பிளேன்ல வந்தோம்" என்றது ஒன்று. எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது பிள்ளை ஷாலினி. ஒன்பது வயது, மெலிந்த பிள்ளை. "அவ வந்து மூண்டு மாசம். வாய் திறக்கமாட்டா. ஊமைப் பிள்ளையோ எண்டு நான் தாயிட்டயே கேட்டனான். வீட்டில நல்லாக் கதைப்பாவாம்" என்று வகுப்பாசிரியை முன்பே சொல்லியிருந்தார். தாயும் தகப்பனும் சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய், முகாமிலேயே வளர்ந்து, முகாமிலேயே கலியாணம் செய்தவர்கள். அதனால் பிள்ளையின் பேச்சு முழுக்கத் தமிழ்நாட்டுப் பேச்சு.

ஷாலினி பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வகுப்பின் முன்னால் பவி சிரித்துக்கொண்டு நிற்கும் பக்கம் வந்தது. தன் சுட்டுவிரலைப் பவியின் வாயின்மேல் வைத்தாள். சிரிப்பு முழுக்க மறைந்துவிட்டது. விரலை எடுக்கவில்லை. எடுப்பாள் எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மூடும்போதுதான் எடுத்தாள்.

திரும்பும் வழியில் ரீச்சர் சொன்னார்: "அந்த வாயைத் திருப்பிக் கீறும்."

"எப்பிடிக் கீற?"

"எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தெரியும்."

அடுத்த கிழமை நான் தனியாகப் போனேன். பவிக்கு வாயே வைக்காமல் அந்தப் பக்கத்தைத் திரும்பக் கீறியிருந்தேன். அது இரண்டாவது தடவை. வகுப்பாசிரியை விறாந்தையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஷாலினியை இருத்தி, படத்தையும் பென்சிலையும் அவள் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, வாய் இருக்கவேண்டிய இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை உடைந்தது.

"ஏனம்மா, பவி வாயை மூடிக்கொண்டிருக்கிறா?"

ரீச்சரின் விதியை மறந்து கேட்டுவிட்டேன். ஆனால் அவள் பதில் சொன்னாள், மிக மெதுவாக.

"டீச்சர் அன்னிக்கு கொப்பிய எடுங்கோன்னாங்க. எனக்குக் காப்பின்னு கேட்டுச்சு. காப்பி கொண்டு வரல டீச்சர்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இப்பவும் என்னைக் காப்பின்னுதான் கூப்புடுறாங்க."

நோட்டுப் புத்தகத்தை நாங்கள் கொப்பி என்போம். அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தான் எழுதவேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்தேன். அவள் கண்டுவிட்டாள்.

"நீங்களும் சிரிக்கிறீங்க."

"ஓம். சிரிப்பு வந்திட்டுது. பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பெரிய மனிதன் ஒருவன் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் வாயின் ஓரம் அசைந்தது.

"இப்ப எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருது. அன்னிக்கு வரல."

"பவி இனி என்ன செய்வா?"

"கேப்பா. கொப்பின்னா என்னன்னு கேப்பா."

"திருப்பியும் சிரிச்சால்?"

"சிரிப்பாங்க. அப்பவும் கேப்பா."

"பயமில்லையோ அவவுக்கு?"

அவளுக்கு நான் கேட்டது மடத்தனமாகப் பட்டிருக்கவேண்டும். "பயந்துட்டுதான் கேப்பா" என்றாள்.

அன்று பஸ்ஸில் இருந்தபடியே கதையை மாற்றி எழுதினேன். பவி விமானத்தில் வருகிறாள். கொப்பியைக் காப்பி என்று நினைக்கிறாள். வகுப்புச் சிரிக்கிறது. அவள் வாயை மூடிக்கொள்கிறாள். ஒருநாள் நடுங்கிக்கொண்டே எழுந்து கேட்கிறாள். ஷாலினி போட்ட கோட்டையே வாயாக வைத்து மூன்றாவது தடவை கீறினேன். ரீச்சர் முழுவதையும் வாசித்தார். மூலையில் சரி போட்டார். உடனே குடையை எடுத்தார்.

"எங்க ரீச்சர் போறீங்கள்?"

"அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்கு. இது அவவின்ர கதை. கேக்காமல் எடுக்கேலாது."

அரைவாசி கட்டிய கல் வீடு, மேலே தகரம். தகப்பன் மேசன் வேலைக்குப் போகிறவர். ரீச்சர் அவரிடம் கேட்டார், தாயிடம் கேட்டார், கடைசியாக ஷாலினியிடம் தனியாகக் கேட்டார். மூவரும் சம்மதித்தார்கள். "கண்ணீர் விடுற மாதிரி மட்டும் போடாதீங்கம்மா. அவ ஸ்கூல்ல அழல. வீட்ல வந்துதான் அழுதா" என்றார் தாய். ரீச்சர் அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கொழும்பு நிறுவனத்திலிருந்து நிமலன் வந்தார். புத்தகங்களுக்கு ஒப்புதல் கொடுப்பவர் அவர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் மாற்றிய கதையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ரீச்சர், இது நம்பிக்கை குடுக்கிற புத்தகம். ஒரு வகுப்பே சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிப் படம் போடலாமோ? முந்தின பவிக்கு மேலிடம் சம்மதம் தந்தாச்சு. இந்த மாதம் புத்தகம் அச்சுக்குப் போகாட்டி இந்தப் பிரிவையே மூடச் சொல்லுவினம். என்னால தடுக்கேலாது."

மீதி இரண்டு புத்தகங்களின் கதைகளும் இன்னும் படம் கீறாமல் ரீச்சரின் அலுமாரியில் இருந்தன. ரீச்சர் அமைதியாகக் கேட்டார்:

"நாளைக்கு ஒரு நாள் எங்களோட வாறீங்களோ? ரெண்டு பவியையும் அந்த வகுப்பில வாசிப்பம். பிறகு நீங்கள் எதைச் சொல்லுறீங்களோ அதை அச்சுக்குக் குடுக்கிறன். ஒரு கதை கதைக்கமாட்டன்."

நிமலன் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் நாலாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள். நிமலன் பின்வரிசையில் ஒரு குட்டிக் கதிரையில் முழங்கால் மடக்கி இருந்தார். முதலில் சிரிக்கும் பவியை வாசித்தேன். பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்டார்கள், ஒழுங்காகக் கைதட்டினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நிமலன் திருப்தியோடு தலையாட்டினார்.

பிறகு மற்றப் புத்தகத்தை எடுத்தேன். "காப்பி கொண்டு வரல டீச்சர்" என்ற இடம் வந்தபோது இரண்டு மூன்று பேர் சிரிக்கத் தொடங்கி, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த பக்கத்தில் சிரிக்கும் வகுப்பின் படம். அதைத் தூக்கிக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று தன் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நான் ஷாலினி பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

பவி எழுந்து கேட்கும் பக்கத்துக்கு வந்தேன். வாசிக்கும் வேகத்தில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு என் வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"'ரீச்சர், எனக்கு விளங்கேல்ல. கொப்பி எண்டா என்ன?' எண்டு பவி கேட்டாள்."

"அவ அப்படிச் சொல்லமாட்டா."

மூன்றாவது வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. முப்பது தலையும் திரும்பின. ஷாலினி எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். மேசை மெல்ல ஆடியது.

"அவளுக்கு விளங்கேல்லன்னு சொல்லத் தெரியாது. 'டீச்சர், எனக்குப் புரியல. கொப்பின்னா என்ன?' அப்படித்தான் கேப்பா."

வகுப்பாசிரியை வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளையின் குரலை அவர் அப்போதுதான் முழுதாகக் கேட்கிறார். நான் அந்த வரியை அவள் சொன்னபடியே திரும்ப வாசித்தேன். அவள் தலையாட்டிவிட்டு இருக்கப் போனாள். பக்கத்தில் இருந்த பிள்ளை விடவில்லை.

"அப்ப கொப்பிக்கு நீ என்ன சொல்லுவாய்?"

"நோட்டு."

"அழிறப்பருக்கு?"

"ரப்பர்."

"கதிரைக்கு?"

"நாற்காலி."

"நாலு கால்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "நாலு கால் இருக்கு, அதுதான் நாற்காலி!"

"மேசைக்கும் நாலு கால்தானே? அது ஏன் நாற்காலி இல்லை?"

ஷாலினி யோசித்தாள். "தெரியலயே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வகுப்பே சிரித்தது. அதில் அவளுடைய சிரிப்பும் கலந்திருந்தது. அதன்பிறகு அந்த வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை. சவர்க்காரத்துக்கு என்ன, வடிவுக்கு என்ன, பகிடிக்கு என்ன என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சோப்பு, அழகு, ஜோக்கு என்று அவள் நின்றபடியே ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். மேசை ஆடுவது நின்றிருந்தது.

நிமலன் குட்டிக் கதிரையிலிருந்து எழுந்து முன்னால் வந்தார். இரண்டு புத்தகத்தையும் அவளிடம் காட்டினார்.

"பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. எதை அச்சடிக்க?"

"ரெண்டாவது. ஆனா வாய மாத்தணும் சார்."

"ஏன்? நீங்கள்தானே இந்த வாயைக் கீறினீங்களாம்?"

"அது பேசாதப்ப. இப்ப அவ பேசுறால்ல?"

ஆசிரியையின் மேசையில் வைத்தே கீறினேன். முப்பது பிள்ளைகள் என் தோளிலும் முதுகிலும் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். மூடிய வாய்ப் பக்கத்தை அப்படியே விட்டு, பவி கேட்கும் பக்கத்தில் வாயைத் திறந்தேன். சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. ஒரு சொல் வெளியே வந்துகொண்டிருக்கும் வாய். நான்காவது தடவை. ஷாலினி கிட்ட வந்து பார்த்து, "ம்" என்றாள். நிமலன் தன் பேனையாலேயே அட்டையில் "பயமறியாத" என்ற சொல்லை வெட்டினார். புதுப் பெயர் என்ன வைக்கலாம் என்று வகுப்பைக் கேட்டார். பிள்ளைகள் ஷாலினியைப் பார்த்தார்கள்.

"கொப்பியா காப்பியா" என்றாள் அவள். ஒருவரும் அதைக் கேலியாக எடுக்கவில்லை.

பஸ்ஸில் எனக்கு நிலத்தில் கால் படவில்லை. ரீச்சர் ஏதாவது சொல்வார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பேசாலை தாண்டிய பிறகு சொன்னார்.

"மேசைக்காலை வளைச்சுக் கீறியிருக்கிறீர். திருத்தும்."

ஆனால் அவர் கண் நனைந்திருந்தது. குடையை நிமிர்த்திப் பிடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புத்தகம் அந்த மாதமே அச்சுக்குப் போனது. பிரிவை மூடுவது பற்றி யாரும் பிறகு பேசவில்லை. மற்ற இரண்டு புத்தகங்களையும் நாங்களே பிள்ளைகளைக் கேட்டு எழுதலாம் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்து சில நாளில் ஷாலினியின் தகப்பன் சீமெந்து படிந்த உடுப்போடு எங்கள் வாசலில் நின்றார்.

"சார், ஒரு புத்தகம் தர முடியுமா? நாங்க இருந்த முகாம்ல இன்னும் நிறையக் குடும்பம் இருக்கு. அங்க போய்ப் பிள்ளைங்க எப்படிச் சமாளிக்கும்னு வரப் பயப்படுறாங்க. இதை அனுப்பி வைக்கலாம்னு நினைச்சேன்."

ரீச்சர் உள்ளே போனார். பத்துப் புத்தகங்களைத் தன் கையாலேயே பொதி செய்துகொண்டு வந்து கொடுத்தார்.

அடுத்த வருடம் நான்காவது புத்தகத்தின் மாதிரியோடு அதே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விறாந்தையில் ஒரு தாயும் ஏழு வயதுப் பிள்ளையும் நின்றார்கள். இந்தியாவிலிருந்து வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் பிள்ளையைச் சேர்க்க வந்திருந்தார்கள். பிள்ளையின் கையில் எங்கள் புத்தகம் இருந்தது. மூலைகள் மடங்கி, அட்டை தேய்ந்து, எத்தனை கை மாறி வந்ததோ. பிள்ளை வகுப்பாசிரியையிடம் கேட்டது.

"டீச்சர், பவி எந்த கிளாஸ்ல இருக்கா?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ரீச்சரைப் பார்த்தேன். பவி கதையில் வரும் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? அதற்குள் ஐந்தாம் வகுப்பு வாசலிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். ஒரு வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள்.

"நான்தான் பவி. வா, உன் கிளாஸைக் காட்டுறேன்."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னது ஓயாமல் ஏதோ கேட்டுக்கொண்டே போனது. மற்ற வகுப்புகளில் பாடம் நடந்துகொண்டிருந்ததால் ஆசிரியை பின்னாலிருந்து, "பிள்ளையள், கதைக்காமல் போங்கோ!" என்றார்.

சின்னது திடுக்கிட்டு நின்றது. ஷாலினி குனிந்து அதன் காதில் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"கதைக்காமன்னா பேசாமன்னு அர்த்தம். பரவாயில்ல, நீ பேசு."